சிவலைக்குக் கிடைக்காத முதலிடம்

மாமாவின் சிவலை மாடு ஒருபோதும் கடைசியாக வந்ததில்லை. முதலாவதாக வந்ததும் இல்லை. எந்தத் திடலில் மாட்டுவண்டிச் சவாரி நடந்தாலும் இரண்டாமிடம் அதற்கென்றே ஒதுக்கிவைத்தது போலிருக்கும். பரிசாக வந்த வாளிகள் புத்தூரில் மாமியின் குசினியை நிறைத்தன. "வாளி காணும், வைக்க இடமில்லை. இனி முதலாவதா வாங்கோ" என்பார் மாமி.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டால் மாமி வீடுதான். உழுத்தங்கஞ்சி குடிக்கும் சிவலையின் காதுக்குள், "வெல்லவேணும், விளங்குதோ?" என்று தினமும் சொல்வேன். அது காதை ஆட்டும். சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

அந்தச் சித்திரைச் சவாரிக்கு முன் ஒரு சிக்கல் வந்தது. வண்டிக்குச் சோடி மாடு வேண்டும். சிவலையின் சோடி பக்கத்து வளவுக்காரருடையது. வண்டியில் மாமா கயிறு பிடிப்பார். வளவுக்காரர் பின்னால் நிற்பார். "இந்தமுறையும் இரண்டாவதெண்டால், அண்ணை, என்ரை மாட்டை வேறை சோடியோடை விடப்போறன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

திடலில் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதித் தூரத்தில் சிவலை முந்தியது. அதற்கு முன்னால் வேறு வண்டியே இல்லை! மாமி தொண்டை கிழியக் கத்தினார். பின்னால் வந்த வண்டி நெருங்கியபோது, பக்கத்து வளவுக்காரர் இடுப்பிலிருந்து ஆணி அறைந்த தடியொன்றை உருவி, சிவலையை நோக்கி ஓங்கினார். குத்துப்பட்டால் மாடு நோவில் பாயும். திரும்பிய மாமா அதைப் பறித்து வெளியே வீசினார். கயிறு தளர்ந்தது, வண்டி தடுமாறியது. மற்ற வண்டிக்கு அது போதுமாயிருந்தது.

"வெண்டிருப்பம்! உங்களாலைதான் போச்சு!" என்று கத்தியபடி அவர் தன் மாட்டை அங்கேயே அவிழ்த்துக்கொண்டு போனார்.

"வெல்லுவம். உதாலை குத்தி வேண்டாம்" என்றார் மாமா.

நான் மாமாவோடு கதைக்கவில்லை. திரும்பி வரும்போது லொறியில் அவர் யாருக்கோ போன் எடுத்தார். "சண்டிலிப்பாயிலை ஒரு நாம்பன் மாடு நிக்குதாம், சவாரிக்குப் பழக்கலாமாம். நாளைக்கு வாறன்."

வீட்டுக்கு வந்ததும் மாமி சிவலையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினார். பிறகு அதன் தொடை, இடுப்பு, வாலடி என்று மயிரை விலக்கி விலக்கி விரலால் தடவினார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலிருந்தது. இரண்டு பக்கமும் தடவி முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இஞ்சையப்பா, ஒண்டுமில்லை!" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

வாசலில் நின்ற மாமா அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். மாமியும் சிரித்தார்.

தோற்றுவிட்டு வந்து இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கோபத்தில், சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.