சட்டி குடித்த வாசனை

நேற்று வைத்த மீன் குழம்பைச் சூடாக்கியதும் எலுமிச்சை வாசனை அடித்தது. நான் எலுமிச்சை போடவில்லை. அடுப்பில் இருப்பது அத்தாவின் மண்சட்டி.

என்னைப் பெற்ற அத்தா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்றார். வஞ்சிரத்தையும் சங்கராவையும் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வாங்கிப் போன பிறகு, மிஞ்சிய தலைகள் எங்கள் வீட்டுக்கு வரும். சனிக்கிழமை சாயங்காலம் அவரே குழம்பு வைப்பார். ஆனால் அன்றைக்கு யாரையும் தொட விடமாட்டார்.

"இன்னிக்கி இது வெறும் புளித்தண்ணி. நாளிக்கிதான் கொழம்பு."

நானும் தம்பியும் சட்டியைப் பார்த்துக்கொண்டே ரசம் சோறு சாப்பிடுவோம். விடிந்ததும் இடியாப்பத்தால் சட்டியின் அடிவரை வழித்துவிடுவோம்.

கழுவும் வேலையை மட்டும் அத்தா யாருக்கும் தரமாட்டார். வெந்நீரும் தேங்காய் நாரும்தான். "சோப்பு போட்றாதம்மா. சட்டி குடிச்சிக்கும்."

அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குச் சொந்தக்காரர்கள் வரவிருந்தார்கள். மீன் வாடை என்று யாரும் மூக்கைச் சுளிக்கக்கூடாதே என்று வீடு முழுக்கக் கழுவினேன். சட்டியையும் எலுமிச்சை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கருப்பெல்லாம் போகத் தேய்த்தேன். பிறகு எத்தனையோ தடவை வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவைத்தும் அந்த வாசனை போகவில்லை.

மகளுக்குத் தட்டு வைத்தேன். அத்தா போனபோது அவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நன்னா என்று அவரை ஃபோட்டோவில் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாய் மென்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா கீதும்மா. நன்னா வெச்ச கொழம்பும் இப்டித்தான் மணக்குமா?"

"ஆமா," என்றேன்.