ஒரே கல்லுக்கு இரண்டு எடை

எடை அளவு ஆய்வாளரான அவருக்குச் சந்தையில் தராசு சார் என்று பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்; அவரிடம் யார் பருப்பும் வேகாது. தோல்பையிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்துக் கடைத் தராசில் வைப்பார். எண்ணைக் குறித்துக்கொள்வார். கல்லை எடுத்துவிட்டு, கடைக்காரரிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு சாவகாசமாக அதே கல்லை மறுபடி வைப்பார். எண் மாறியதோ, தீர்ந்தது கதை.

"ஃபேன் காத்து சார், அதான் ஆடுது" என்று கடைக்காரர் நெளிவார்.

"காத்து மேல பழி போடாதீங்க. ஒரே கல்லுக்கு ரெண்டு எடை காட்டினா, கோளாறு கல்லுல இல்ல, தராசுல" என்று சொல்லிக்கொண்டே 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்ற சிவப்புச் சீட்டைத் தராசில் ஒட்டிவிடுவார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எந்தக் கடைக்காரரின் வாய்வார்த்தையையும் அவர் நம்பியதில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவர் ஆடியோ கடைக்காரர்.

தராசு சாருக்குப் பாட்டு என்றால் உயிர். ஹாலில் ஜன்னலுக்கு இடப்பக்கம் சிடி பிளேயர், வலப்பக்கம் ஆம்ப்ளிஃபயர். இரண்டையும் இணைக்கும் டிஜிட்டல் கேபிள், மூன்று மீட்டர், சுவரோரமாக ஓடும். நடுவே ஜன்னல் வெளிச்சத்தில் மனைவியின் தையல் மெஷின். இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவர் அவர். பதினாலு வருடமாக எல்லாம் அதனதன் இடத்தில் நிம்மதியாகத்தான் இருந்தன.

கெடுத்தது அந்த ஆடியோ கடைக்காரர்தான்.

"மூணு மீட்டரா? அவ்வளவு தூரம் வந்தா சத்தம் களைச்சுப் போயிடும் சார். ஒரு மீட்டர் போடுங்க. வித்தியாசம் எல்லார் காதுக்கும் தெரியாது. உங்க காதுக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையில் மனிதர் குப்புற விழுந்தார். கேபிளில் போவது வெறும் ஒன்றும் பூஜ்யமும்தான், மூன்று மீட்டர் ஓடியதால் ஒன்று தேய்ந்து முக்கால் ஆகிவிடாது என்று கல்லூரியில் படிக்கும் மகள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெல்வெட் பெட்டியில், மாப்பிள்ளை மாதிரி, ஒரு மீட்டர் கேபிள் வந்து இறங்கியது. பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது எட்டும். ஆகவே இரண்டும் ஜன்னலடிக்கு வந்தன. தையல் மெஷின் குளியலறைக்குப் போகும் நடையில், ஒரு மங்கலான பல்புக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆஹா! பாட்டுக்கும் வயலினுக்கும் நடுவுல ஒரு காலியிடம் கேக்குது பாரு, உனக்குக் கேக்குதா?"

"அது என்னோட இடங்க" என்றார் மனைவி.

ஏழு மாதம் போனது. மனைவி கேட்கும்போதெல்லாம், "கேபிள் நீளமானா இசை செத்துடும்மா" என்று அவர் ஏதோ ஓர் உயிரைக் காப்பாற்றுகிறவர்போலச் சொன்னார். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வந்தது. நடையில் யூனிஃபார்ம் துணி இடுப்பளவு குவிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு சோதனை வச்சுப் பாத்துடலாங்க. கேபிளை நான் மாத்தி மாத்திப் போடறேன். நீங்க சரியா சொல்லிட்டா நான் இனிமே வாயே திறக்கல. தப்பா சொன்னா என் ஜன்னல் எனக்கு."

தராசு சார் சிரித்தார். சோதனையா, அவருக்கா!

குறுக்கே ஒரு போர்வையைக் கட்டி, அதன் பின்னால் மனைவி உட்கார்ந்தார். ஒரே பாட்டின் ஒரே வரி, எட்டு முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவே கேபிளைக் கழற்றும் சத்தம், மாட்டும் சத்தம். அவர் அலுவலகக் குறிப்பேட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தார். "இது நெட்டை, களைப்பு தெரியுது." "இது குட்டை. என்ன துலக்கம்!" முடிவில் குட்டை ஐந்து, நெட்டை மூன்று.

போர்வை விலகியது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்தது பழைய மூன்று மீட்டர். சமையலறையிலிருந்து மகள் வெல்வெட் பெட்டியுடன் வந்தாள். ஒரு மீட்டர் கேபிள் ஆரம்பத்திலிருந்தே அதற்குள்தான் படுத்திருந்தது.

"எட்டு தடவையும் ஒரே கேபிள்தாங்க" என்றார் மனைவி. "நீங்க கல்லை எடுத்து எடுத்து வைப்பீங்களே, அதே மாதிரிதான் செஞ்சேன்."

அவர் வாயைத் திறந்தார். "இல்ல... ஃபேன் ஓடிட்டு இருந்துச்சா, அந்தக் காத்துல..."

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்தது எந்தக் குரல் என்று அவருக்கே புரிந்துவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் குத்தியது.

எழுந்து போய், பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் பழையபடி இரண்டு பக்கமும் நகர்த்திவிட்டு, தையல் மெஷினைத் தானே இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலடியில் போட்டார். மனைவி உட்கார்ந்தார். நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஊசிக்கண்ணில் ஒரே முயற்சியில் கோத்தார்.

"அப்பாடா!" என்றாள் மகள். "ஏழு மாசமா நான்தாம்ப்பா கோத்துக் குடுத்தேன். அந்த நடையில அம்மாவுக்குக் கண்ணு தெரியல. ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவாங்க. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

பாட்டுக்கும் வயலினுக்கும் நடுவில் இருந்த காலியிடம் வரைக்கும் கேட்டவர் அவர். பத்தடி தூரத்தில் தினமும் இருபது முறை கூப்பிட்ட குரல் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தோல்பையைத் திறந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, பசை தடவி, அந்த வெல்வெட் பெட்டியின் மேல் ஒட்டினார்.

மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே மனைவி சொன்னார்: "கோளாறு கல்லுல இல்லைங்க."

அவர் பசை காய்வதற்குள் சீட்டை உரித்து எடுத்து, தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டார்.