மஞ்சள் சட்டைக்கு வாங்கிய மாலை

சைக்கிள் பந்தயம் என்றால் முடிவுக் கோட்டை முதலில் தாண்டுகிறவன் ஜெயித்தான், கதை முடிந்தது என்று நம்பியிருந்தேன். அது மூன்று நாள் பந்தயம் என்று தெரிந்த பிறகும் நம்பினேன். முதல் இரண்டு நாளும் ஒத்திகை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பந்தயத்தில் என் தம்பியும் ஓடினான். இரண்டாம் நாள் பொல்பிட்டிய பக்கமிருந்து ஏறி ஹட்டனுக்கு வந்ததும், அதுவரை முன்னணியில் இருப்பவனுக்கு உரியதென்று அவனுக்கு மஞ்சள் சட்டை போட்டார்கள். எனக்கோ, வழியெல்லாம் அவன் தன் அணிக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்ததுதான் பெரிய வெட்கம். போனில் கேட்டேன்.

"அண்ணே, முன்னுக்குப் போறவங்க எனக்காக எதிர்காத்த வாங்கிக்கிறாங்க. ஏத்தத்துக்கு நான் தெம்ப மிச்சம் வைக்கணுமில்ல?"

"சரி சரி, நாளைக்காவது முன்னுக்கு வா."

மறுநாள் முடிவுக் கோடு நுவரெலியாவில். நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டும் நான், சவாரியை விட்டுவிட்டு, ஆளுயர மாலையோடும் மனைவியோடும் போய் நின்றேன். "நம்ம தம்பிதான் வருவான்" என்று சுற்றி நின்றவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

வளைவில் முதல் தலை தெரிந்தது. நீலச் சட்டை! மாலையை மனைவியின் சால்வைக்குள் ஒளிக்கப் பார்த்தேன். அது அடங்குகிற மாலையா? "வந்துட்டாருங்க, போடுங்க!" என்று யாரோ தள்ளினார்கள். தள்ளிய வேகத்தில் நீலச் சட்டைக்காரர் கழுத்தில் மாலையைப் போட்டு, "ஜயவேவா!" என்று சிங்களத்தில் வெற்றி முழக்கமும் போட்டுவிட்டேன். அவர் மூச்சு வாங்கக் கும்பிட்டார்.

"யாருங்க அது? ஒங்க சொந்தமா?" என்றாள் மனைவி.

அதற்குள் தம்பி மூன்றாவதாக வந்து இறங்கினான். "போச்சேடா!" என்று அவனைக் கட்டிக்கொண்டேன்.

"என்னண்ணே போச்சு? காலையில மொதல்ல தேயிலைக் கொழுந்து நிறுத்தவங்களுக்கா முழுநாள் சம்பளத்துக்குப் பேரு போடுறாங்க? அன்னிக்கு மூணு நிறுவையையும் கூட்டித்தானே? இங்க கொழுந்துக்குப் பதிலா நேரம். மூணு நாளையும் கூட்டிப் பார்த்து யாருக்குக் கொறைச்சலோ, அவன்தான். அந்த நீலச் சட்டைக்காரரு நேத்தே எனக்கு ரொம்பப் பின்னுக்கு. இன்னிக்குக் கொஞ்சந்தான் புடிச்சாரு."

"தேயிலைத் தோட்டத்துலயே பொறந்த மனுசன், இதுகூடத் தெரியல" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

நீலச் சட்டைக்காரர் அன்றைய ஓட்டத்தை ஜெயித்து என் மாலையோடு போனார். தம்பி முழுப் பந்தயத்தையும் ஜெயித்து, வெறுங்கழுத்தோடு என் வேனில் வீட்டுக்கு வந்தான்.