ஐந்து நிமிடச் சுற்று

நாலு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், வெள்ளவத்தையில் நாங்கள் இன்றும் குடியிருக்கிற அதே தொடர்மாடியில் நடந்தது இது.

எங்கள் பக்கம் வராதவர்களுக்கு இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே காலி வீதி என்கிற பெருந்தெரு, கீழே கடல். இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கைகள், அதாவது சின்னத் தெருக்கள், சீப்புப் பல் மாதிரி வரிசையாக இறங்கும். அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்திருக்கிறார். அந்தப் புண்ணியத்தில் கோயில், சந்தை, மருந்துக் கடை, பாண் கடை என்று எதற்கும் வாகனம் தேவையில்லை. கனடாவிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் "கார் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டால், "இஞ்ச எல்லாம் ஐஞ்சு நிமிசம்தான்" என்பேன். ஏதோ நானே கட்டிக் கொடுத்த ஊர் மாதிரி ஒரு பெருமை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காலி வீதியில் சின்ன ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து படித்ததுதான். ஆணி வாங்க வருகிறவர் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வசனத்தை மூன்று நாளைக்கு மனதில் வைத்துச் சிரிப்பேன். அப்படி மற்றவர்களின் பேச்சை எல்லாம் காது கொடுத்துக் கேட்கிற நான், என் வீட்டுப் பேச்சைக் கேட்காமல் விட்ட கதைதான் இது.

அந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு என் மனுசிக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நடக்க வேண்டும், மடக்க வேண்டும். இரண்டையும் விட்டால் கால் இறுகிப்போகும். பிறகு மயக்க மருந்து கொடுத்து அவர்கள்தான் மடக்கிவிட வேண்டி வரும்.

எங்கள் ஒழுங்கையில் நடக்க வழியில்லை. கடல் பக்க முனையில் ஒரு பெரிய கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. மணல் லொறியும் கம்பிக் கட்டும் நடைபாதையைப் பிடித்துக்கொண்டன. ஆனால் எங்கள் தொடர்மாடியின் பின்பக்கத்தில், எங்கள் காணிக்குள்ளேயே, ஒரு ஒடுக்கமான நடைவழி இருக்கிறது. நாற்பது அடி வைத்தால் பக்கத்து ஒழுங்கை. அங்கிருந்து நேரே இறங்கினால் கடலோர வீதியின் அகலமான நடைபாதை. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் அந்த வழியைத்தான் பாவித்தார்கள். நான் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவேன். மனுசி எந்த வழியால் நடக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நடக்கிறாள், அது போதும் என்றிருந்தேன்.

இதற்கிடையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு சோடிச் செருப்புகள் வாசலிலிருந்து காணாமல் போயின. நான்தான் அப்போது தொடர்மாடிக் கமிட்டியின் செயலாளர். வெளியாட்கள் நடைவழியால் வந்து எடுக்கிறார்கள், கேற் போட்டுப் பூட்ட வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள். ஒரு கிழமையில் இரும்புக் கேற் வந்தது. கடைத் தட்டிலிருந்து இருப்பதிலேயே பாரமான ஆமைப்பூட்டை எடுத்துக்கொண்டுபோய் நானே போட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனுசி கேட்டாள், "அப்ப அங்கால போறதெண்டால்?"

"காலி வீதிக்கு ஏறி, அடுத்த ஒழுங்கையால இறங்கினால் சரி. ஐஞ்சு நிமிசம்தானே."

அவள் தலையாட்டினாள். பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு தெரிந்தது, அவள் ஒரேயொரு தரம் அப்படிச் சுற்றிப் போய்ப் பார்த்திருக்கிறாள். பஸ் பிடிக்க ஓடிய யாரோ தோளில் இடித்துவிட, கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் நடுங்க நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

மாசி நடுவில் பிசியோவிடம் போனோம். சிங்களப் பிள்ளை, தமிழ் தட்டித் தடவிக் கதைக்கும். அளவுகோலை முழங்காலில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கியது. "எண்பது பாகையிலயே நிக்குது அம்மா. போன முறையும் எண்பது. மூண்டு கிழமை பாப்பம். சரிவராட்டி டொக்டர்தான் மடக்கணும்."

த்ரீவீலில் திரும்பி வரும்போது நான் மனுசியை ஏசினேன். "நாடகம் பாத்துக்கொண்டு கதிரையில இருந்தால் முழங்கால் தானா மடங்குமே? காலடியில கடல் கிடக்கு. நடக்கப் பஞ்சி, சோம்பல்."

"நடக்கிறன்" என்று மட்டும் சொன்னாள். முகம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, முற்பகல் பத்து மணிபோல, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். மனுசி வீட்டில் இல்லை. பின்பக்கத்தில் ஆள் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால், நான் பூட்டிய கேற்றின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் நிற்கிறாள். கைத்தடி பக்கத்துச் சுவரில் சாத்தியிருக்கிறது. கேற்றுக்கு அந்தப் பக்கம் அவளைவிட வயதில் மூத்த ஒரு முஸ்லிம் அம்மா. பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். அவர் கம்பிக்கு ஊடாக மனுசியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மடக்குங்க தங்கச்சி. விழ மாட்டீங்க, நான் புடிச்சிக்கொண்டுதான் நிக்கிற. எனக்கு ரெண்டு முழங்காலும் செஞ்ச, தெரியுமா? ரெண்டு! நீங்க ஒண்டுக்கே அழுறீங்க."

"அழேல்லை அக்கா, வேர்க்குது."

"ஓ, கண்ணால வேர்க்குது. எண்ணுங்க. பதினொண்டு."

நான் அங்கே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுவிட்டேன்.

பதினாலில் அவர்கள் களைத்து நிறுத்தினார்கள். அந்த அம்மா கேட்டார், "இந்தக் கேற்றத் தொறக்கச் சொல்லி உங்கட மனுசன்ட சொல்ல ஏலாதா? நடைவழியில ரெண்டு பக்கமும் சுவர் இரிக்கி, புடிச்சிப் புடிச்சி வருவீங்க. கடல் வரைக்கும் கூட்டிப் போவேனே, முந்தி மாதிரி."

மனுசி சிரித்தாள். "அந்தப் பூட்டை அவர் கொண்டு வந்த நேரம் அவற்ற முகத்தைப் பாத்திருக்கோணும் அக்கா. பிள்ளை பிறந்த அண்டுகூட அப்பிடிச் சிரிக்கேல்லை. நான் போய் அதைக் கெடுக்கவே?"

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் சாத்தியிருந்த கைத்தடி வழுக்கி நிலத்தில் விழுந்தது. மனுசியால் குனிய முடியாது. கம்பியை விட்டால் நிற்கவும் முடியாது. அந்த அம்மா தன் குடையைத் தலைகீழாகப் பிடித்து, கம்பி இடைவெளியால் நீட்டி, வளைந்த பிடியால் தடியைக் கொழுவி இழுக்கப் பார்த்தார். ஒரு சாண் தூரம் எட்டவில்லை. இருவரும் தடியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பில் மனுசியின் நல்ல காலும் நடுங்கத் தொடங்கியது.

நான் ஓடிப்போய்த் தடியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "நல்லதாப் போச்சு தம்பி. தொறப்பும் கொண்டந்தீங்களா?"

திறப்பு என் காற்சட்டைப் பையில்தான், கடைத் திறப்புகளோடு ஒரே வளையத்தில் கிடந்தது. கையை வைத்தால் தட்டுப்படும். நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே நம்ப முடியாமல் இருக்கிறது.

"கமிட்டியிட்டக் கேக்கோணும்" என்றேன்.

"ஓம், கேளுங்கோ" என்றாள் மனுசி. தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை என்றில்லை, கதைத்தாள். தேத்தண்ணி வேணுமா, லைட் பில் வந்ததா, அவ்வளவும் கதைத்தாள். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். கேற்றைத் திறக்க வேண்டும் என்று எழும்பிச் சொன்னேன். தலைவர் ஓய்வுபெற்ற அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர், கூட்டக் குறிப்புகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். "உம்மட பிரேரணை, உம்மட பூட்டு. இப்ப உமக்கு என்ன நடந்தது?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "சுத்திப் போனால் என்ன? ஐஞ்சு நிமிசம்தானே."

என் வசனம் என்னிடமே திரும்பி வந்தது. அதைவிட, அது என்னுடைய வசனமும் இல்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தி, யுத்தப் பிரச்சினை இருந்த காலத்தில், எங்கள் ஒழுங்கையின் கடல் பக்கத்தை மறித்து வைத்திருந்தார்கள். சாமான் பையோடு நான் வந்த ஒரு நாள், மறிப்பில் சென்றிக் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் சுற்றிப் போகச் சொன்னான். அவனும் சிங்களத்தில் இதையேதான் சொன்னான், ஐந்து நிமிடம்தானே என்று. அவனைத் திட்டிக்கொண்டே சுற்றினேன். பிறகு அவனுடைய வசனத்தை எடுத்து என் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொன்றைச் சொன்னேன். "கேற் பூட்டின பிறகும் ஒரு சோடி போனது. என்ர செருப்புத்தான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மூன்றாம் மாடிக்காரர், "அப்ப கள்ளனையும் உள்ளுக்க வச்சுத்தான் பூட்டியிருக்கிறம்" என்றார். தலைவரே சிரித்துவிட்டார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை திறந்திருக்கலாம், திறப்பதும் பூட்டுவதும் செயலாளரின் பொறுப்பு என்று முடிவானது.

அடுத்த நாள் காலை நான் திறந்தேன். மனுசி ஒரு கையில் தடியும் மறுகை சுவரிலுமாக அந்த நாற்பது அடியை நடந்தாள். சுகமான ஆளுக்கு அரை நிமிடம். அவளுக்கு ஆறேழு நிமிடம் எடுத்தது. அந்தப் பக்க முனையில் அந்த அம்மா குடையோடு நின்றார். என்னைப் பார்த்து, "நீங்க கடைக்குப் போங்க தம்பி, இது பொம்பிளைகள்ட வேல" என்றார். இரண்டு பேரும் கடல் பக்கம் இறங்கிப் போனார்கள். கோச்சி ஒன்று தண்டவாளத்தில் அலறிக்கொண்டு போனது. அதைவிடச் சத்தமாக அவர்கள் கதைத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று கிழமையில் பிசியோப் பிள்ளை அளந்தது. நூற்றைந்து. மயக்க மருந்துப் பேச்சு அதோடு நின்றது. பிள்ளை என்னைப் பார்த்து, "நீங்க நல்லாப் பாத்திருக்கிறீங்க" என்றது. மனுசி என்னைப் பார்த்தாள். நான் தடியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

இப்போது அவளுக்குத் தடி இல்லை. என்னைவிட வேகமாக நடக்கிறாள். செயலாளர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது, ஆனால் காலை ஆறு மணித் திறப்பு இன்னமும் என்னிடம்தான். கனடாக்காரர்கள் வந்தால் வழமைபோல் கேட்பார்கள், இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று. இப்போதெல்லாம் நான் நிமிடக் கணக்குச் சொல்வதில்லை. ஆர் நடக்கப் போறது என்று முதலில் கேட்கிறேன்.