ஏழாவது கட்டில்

சத்தியமாக நடந்தது. கொலுசுச் சத்தம், நடுராத்திரி, நாய் ஊளை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் 1.38 முதல் 2.00 வரை. கூட இருந்த இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் அம்மாவைப் பற்றி. இருபத்தாறு வருஷம் நர்ஸ். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். ஆனால் அடுத்து வரும் நர்ஸோடு கட்டில் கட்டிலாக நடந்து, யாருக்கு என்ன என்று சொல்லி ஒப்படைக்காமல் அம்மா கிளம்பமாட்டாள். சொன்னால் மட்டும் போதாது, கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டிலும் இதே கதைதான். கடைக்கு அனுப்பினால்கூட, "என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு!"

"ஒரு சோப்பு வாங்க இவ்வளவு கெடுபிடியாம்மா?"

"சோப்புலயே கோட்டை விடுறவன்டா நீ."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்திருந்தேன். 1.38-க்கு அம்மா போன் செய்தாள். திருப்பிச் சொல்லச் சொல்லி உயிரை வாங்குவாளே என்று எடுக்கவில்லை. 1.40-க்கு வார்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அவ்வளவுதான். ஒப்படைக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அதிலிருந்து தினமும் 1.38-க்கு என் போன் ஒரே ஒருமுறை அதிரும். ர்ர்ர்... எண் எதுவும் வராது. போனை மாற்றினேன். நம்பரை மாற்றினேன். நிற்கவில்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு... அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து, நர்ஸிங் படிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு அம்மா பேரில் உதவித்தொகை கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். நர்ஸிங் பள்ளியில் நேர்காணல். கேள்வி கேட்பது அம்மா வார்டின் பெரிய சிஸ்டர், அம்மாவின் உயிர்த்தோழி. ஆளைக் கூப்பிடுவது நான். நாலு பேர் முடித்துப் போய்விட்டார்கள். ஐந்தாவது, ஒரு தையல்காரரின் மகள். பிளஸ் டூ முடித்த கையோடு வந்திருந்தாள். பக்கத்துப் பயிற்சி அறையில் உட்காரச் சொல்லியிருந்தேன். அங்கே ஆறு கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பொம்மை.

1.38. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிரவில்லை.

1.39. இல்லை.

1.40. பயிற்சி அறையில் செருப்புச் சத்தம். க்ரீச்... க்ரீச்...

அம்மாவின் இடது செருப்பு அப்படித்தான் கத்தும். "எண்ணெய் போடும்மா, நோயாளியெல்லாம் எந்திரிச்சு ஓடிரப் போறாங்க" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தப் பெண் முதல் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். தலையாட்டினாள். உள்ளங்கையில் பேனாவால் எதையோ எழுதினாள். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

எதிரே யாரும் இல்லை.

ஒரு மணிக்கு நான் பார்த்தபோது பொம்மைகள் மேல் போர்வை இல்லை. இப்போது ஆறுக்கும் இருந்தது. கழுத்துவரை.

மூன்றாவது... நான்காவது... அங்கே ரொம்ப நேரம் நின்றாள்.

ஐந்து. ஆறு.

பிறகு கட்டிலே இல்லாத இடத்தில் போய் நின்றாள்.

தலையைத் திருப்பி... என்னைப் பார்த்தாள்.

க்ரீச்... கதவை நோக்கி வந்தது.

என்னைத் தாண்டியது.

மருந்து வாசனை.

2.00.

"உள்ள... யாரும்மா இருந்தது?"

"ஒரு சிஸ்டர்ண்ணா. ஷிஃப்ட் முடியுது, வாங்கிக்கோன்னாங்க. பரீட்சைன்னு நெனச்சேன்."

பெரிய சிஸ்டரிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண் அவர் முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்து ஒப்பித்தாள்.

"ஒண்ணு, டிரிப் மூணு மணிக்குத் தீரும். ரெண்டு, புரட்டிப் படுக்க வைக்கணும். மூணு, சாப்பிட்டாச்சு. நாலு, மூச்சு சரியில்ல, டாக்டர்கிட்ட இன்னும் சொல்லல, உடனே சொல்லணும்..."

பெரிய சிஸ்டர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

ஐந்து, ஆறு முடிந்தது.

"ஏழு?" என்றேன்.

"ஏழு, வீட்டுல. பையன், காய்ச்சல். ரெண்டு மணிக்கு மாத்திரை. வெறும் வயித்துல கூடாது. போன எடுக்கல, தூங்குறான் போல. பாவம், திட்டாதேன்னாங்க."

நான் தூங்கவில்லை அம்மா.

"எல்லாத்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னாங்கண்ணா. சொன்னேன். 'அப்ப நான் கிளம்பட்டுமா'ன்னாங்க. 'கிளம்புங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்'னேன். தப்பாண்ணா?"

உதவித்தொகை அவளுக்குத்தான் போனது.

அன்று சாயங்காலம் பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கம்மா விழுந்த அன்னிக்கு நாங்க அத்தனை பேரும் அவளச் சுத்தியே நின்னோம்டா. நாலாவது கட்டில் நோயாளிய யாருமே பாக்கல. மூணு மணிக்குப் போய்த் தொட்டேன்... சில்லுன்னு இருந்துச்சு. மூச்சு சரியில்லாம இருந்ததே எங்களுக்குத் தெரியாது. உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."

மறுநாள் 1.38-க்குப் போனோடு உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். பதினோரு மாசமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். திருப்பிச் சொல்ல எல்லாம் மனப்பாடம். ரெண்டு மணிக்கு மாத்திரை. வெறும் வயிற்றில் கூடாது...

போன் அதிரவே இல்லை.