நெவேனாவின் அரை மணி

ரொட்டிக்கு நாங்கள் வரிசையில் நின்ற அந்தக் குளிர்காலத்தில், க்ரும் அண்ணன் சுரங்கத்து ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மார்பிலிருந்து தொடைவரை மாவுக்கட்டு. பெர்னிக் சுரங்க நகரில் எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்தே கிடந்தார். அவர் மனைவி நெவேனா டிவி பழுதுபார்ப்பவள். அவருக்காக நீண்ட விடுப்பு எடுத்திருந்தாள். நான் கீழ்வீட்டு த்சோன்கா.

அவருக்குப் பொழுதுபோக்கு, சதுரங்கம் ஆடும் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். பலகை டிவியில் தெரியும். கை எட்டாததால் எந்தக் காயை எங்கே வைப்பதென்று அவர் சொல்வார், நெவேனா தட்டுவாள். பதிலுக்கு அது அரை மணி யோசிக்கும். அந்த நேரத்தில் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே ஓடி வருவாள். ரொட்டி வாங்குவாள், இல்லாவிட்டால் வாசல் பெஞ்சில் என்னோடு சூரியகாந்தி விதை கொறிப்பாள்.

"மேல இருந்தா மூச்சு முட்டுது த்சோன்கா."

ஒருநாள் க்ரும் அண்ணன் ஆரம்பித்தார். "டிவி ரிப்பேர்காரிதானே நீ? இந்தக் கழுதையைக் கொஞ்சம் வேகமா ஓட வையேன்."

"லெவலைக் குறைச்சுக்கோ, சீக்கிரம் ஆடும்."

"அது கொழந்தைங்க ஆடுறது."

ஒரு வாரம் நச்சரித்தார். கடைசியில் அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே விரல்நகம் அளவு தகரக் கூட்டில் ஒரு கிறிஸ்டல். அது துடிக்கிற வேகத்தில்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதைச் சூடுகாட்டிக் கழற்றிவிட்டு, கழித்துப் போட்ட வேறொரு போர்டிலிருந்து எடுத்த, இருமடங்கு வேகமானதை ஈயத்தால் பற்றவைத்தாள். சிப் கொதிக்காமலிருக்க மேலே ஒரு அலுமினியத் துண்டையும் ஒட்டினாள்.

வேலை செய்தது; அரை மணி கால் மணியானது. க்ரும் அண்ணன் கைதட்டினார்.

அதன்பின் நெவேனா வரிசையில் பாதிகூட நகர்ந்திருக்க மாட்டாள், கட்டிலிலிருந்து குரல் தெருவரை வரும். "நெவேனா! ஆடிடுச்சு!" லிஃப்ட் கிடையாது. பலநாள் ரொட்டியில்லாமலே மாடி ஏறினாள். பெஞ்சுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

ஒரு மதியம் தயிர் கொடுக்கப் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. அவள் கையில் சால்டரிங் அயர்ன்.

"என்ன பண்ற?" என்றார் அவர்.

"பழசையே வைக்கிறேன்."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"அது ஓடுது. என்னால முடியல க்ரும். எனக்கு அந்த அரை மணி வேணும்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த அரை மணி நான் இதைத்தான் பாத்துட்டு கெடக்கணும். நீ சீக்கிரம் வருவேன்னுதான் கேட்டேன். ஆட்டத்துக்கு இல்ல."

நான் கதவுப்பக்கம் நகர்ந்தேன். "இரு," என்றாள் நெவேனா என்னிடம். பிறகு அவரிடம், "இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா போகாம இருப்ப. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்ப."

அவள் பெட்டிமேல் குனிந்தாள். பழைய கிறிஸ்டலையே பற்றவைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று ஆட்டமில்லை.

மறுநாள் அவரே குதிரையை நகர்த்தச் சொன்னார். அவள் தட்டிவிட்டுக் கோட்டை எடுத்தாள். "சிகரெட் கெடச்சா வாங்கிட்டு வா," என்றார்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் விதையைத் தொடவில்லை. மேலே ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போய் அவர்கூடக் கொஞ்சம் பேசிட்டு இரேன்," என்றாள். சில நாட்கள் நான் போனேன்.

மே மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். க்ரும் அண்ணன் கைத்தடியோடு இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்த முதல் நாள், நெவேனா அவரோடு வரவில்லை. மேலே கதவைச் சாத்திக்கொண்டு மாலைவரை தூங்கினாள்.