தனம் மூட வேண்டிய டிக்கெட்

தனம் போய்விட்டாள்... காலையில் சின்னமனூரிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

தேனி ஆபீசில் ஆறு வருஷம் எனக்கு அடுத்த சீட். நான் வெப்சைட் செய்வேன், அவள் டெஸ்டிங். அதாவது, என் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம்!

முதன்முதலில் அரபி சைட் வந்தபோது எல்லாரும் முழித்தோம். எழுத்து வலமிருந்து இடம் போகும். மெனு, பட்டன் எல்லாம் பக்கம் மாற வேண்டும்.

தனம் ஹேண்ட்பேக்கிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தாள். இங்கிலீஷ் பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பாள், அரபிப் பக்கத்தை ஸ்கிரீனில். ஒத்துப்போகாவிட்டால் என் பெயருக்கு ஒரு புகார் டிக்கெட். நான் சரி செய்தபின் அவளே பார்த்து மூட வேண்டும், அதுதான் ஆபீஸ் வழக்கம்.

"அரபியில ஒரு எழுத்தாவது தெரியுமா ஒனக்கு?" என்று வம்பிழுப்பேன்.

"எழுத்து தெரியாட்டி என்னப்பா... எங்கன நிக்கணும்னு தெரியும்ல!"

ஒருதடவை கண்ணாடியை நம்பி, போன் நம்பரும் திரும்ப வேண்டும் என்று டிக்கெட் போட்டுவிட்டாள். அரபியிலும் நம்பர் இடமிருந்து வலம்தான். ஆபீசே சிரித்தது. அன்றைக்கு எல்லாருக்கும் அவள் செலவில் வடை.

முந்தாநாள், வெள்ளிக்கிழமை, ஒரு கிளினிக் சைட். மருந்து சாப்பிடும் முறை எழுதிய அரபிப் பக்கம். இங்கிலீஷ் மருந்துப் பெயரில் தொடங்கும் வரி மட்டும், ஒரு பிரவுசரில், இடது ஓரம் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒரே ஒரு பிரவுசர்தான தனம்... அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

"வாசிக்கிறவுக வலது ஓரத்தையே பாத்துட்டுப் போயிருவாக. அந்த ஒரு மருந்து விட்டுப்போகும்ப்பா. ஒங்க அம்மாவுக்குன்னா இப்பிடிச் சொல்லுவியா?"

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "நொய்நொய்னு உயிரை வாங்காத" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்...

இன்று போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்து அந்த மருந்து வரியைத்தான் சரி செய்தேன். பத்து நிமிஷ வேலை. பாவி, பத்தே நிமிஷம்.

அந்த வரி இப்போது வலது ஓரத்தில் நிற்கிறது தனம். நீ பார்க்காத டிக்கெட்டை யாரும் மூடக் கூடாது என்று ஆபீஸ் வாட்ஸாப்பில் சொல்லிவிட்டேன்.

சின்னமனூர் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வந்துகொண்டே இருக்கிறேன்.